பீரங்கியை நாடு கடத்தலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் நம் பிள்ளைகளுக்கென ஒரு தமிழ்க் கட்டுரைப் போட்டி நடந்தது. ‘நான் கண்ட இடம்’ என்பது தலைப்பு. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கார்பின் கோவ் கடற்கரைச் சாலையில் ஜப்பானியர் கட்டிவிட்டுப் போன பதுங்கறைகளைப் பற்றி எழுதியிருந்தாள். 1942 மார்ச்சுத் திங்களில் வந்திறங்கி 1945 வரை இத்தீவுகளை ஆண்ட அந்தப் படையினர், கடலை நோக்கிப் பீரங்கி வைத்துக் காத்திருந்தார்கள் என்பது அவள் எழுதிய வரி. திருத்திய பெரியவர் ‘பீரங்கி’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘அயற்சொல், வெடிகுழல் என்க’ என்று குறித்து மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார்.

தாளை வாங்கிய சிறுமி தன் தந்தையிடம் கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது. “அப்பா, அப்போ பீரங்கி இந்திச் சொல்லா?” கொத்து வேலை செய்து குடும்பம் காக்கும் அந்தத் தந்தை என்ன சொல்வார்? தாம் இராமநாதபுரத்துச் சிற்றூரில் பாட்டி வாயால் கேட்ட சொல் தமிழா அன்றா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அப்பெண் தமிழ்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. இந்திப் போட்டியில் கலந்துகொண்டு பரிசும் பெற்றாள்.

திருத்தியவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். தமிழின்பால் மாறாக் காதல் கொண்டவர். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. பகைவர் செய்யும் கேட்டை எவரும் காண்பர். அன்பர் செய்யும் கேட்டை எடுத்துக்காட்ட எவரும் முன்வருவதில்லை. நாடு கடத்தப்பட்டோரின் கண்ணீரில் நனைந்த மண் இது. 1858 மார்ச்சுத் திங்களில் முதற்கப்பல் கைதிகள் இங்கு இறக்கப்பட்டனர். 1906இல் சிற்றறைச் சிறை கட்டி முடிக்கப்பட்டது. அத்தகைய மண்ணிலிருந்துகொண்டு, விசாரணையின்றி ஒரு சொல்லை நாடு கடத்துவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? முதலில் விசாரணை நடக்கட்டும்.

சொல்லின் பிறப்பு

ரைன் ஆற்றங்கரையில் ‘பிராங்கர்’ என்னும் பழஞ்செருமானிய இனத்தார் வாழ்ந்தனர். உரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில் அவர்கள் மேற்கே பரவி ஆண்டனர். பிரான்சு என்னும் நாட்டுப் பெயர் அவர்களால் வந்தது. 1096இல் தொடங்கிய சிலுவைப் போர்களில் மேற்கு ஐரோப்பியர் கிழக்கே வந்தபோது, அராபியர் அவர்கள் அனைவரையும் இந்த ஓர் இனத்தின் பெயராலேயே அழைத்தனர். பாரசீகர் வாயில் அது ‘ஃபரங்கி’ ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபின் போர்த்துக்கீசியரும் இந்திய மக்களுக்கு ஃபரங்கியரே ஆயினர்.

அவர்கள் கப்பலின் விளிம்பில் சிறு பீரங்கிகள் சுழலும் கவட்டையில் பொருத்தப்பட்டிருந்தன. போர்த்துக்கீசியர் அதனைத் ‘தொட்டில்’ என்னும் பொருள்படும் சொல்லால் ‘பெர்சு’ என்றழைத்தனர். அதன் பின்புறம் திறந்திருக்கும். வெடிமருந்தை முன்னரே அடைத்துவைத்த குவளை போன்ற இரும்பறையை அத்திறப்பில் வைத்து, ஆப்பு அடித்து இறுக்கிச் சுடுவர். சுட்டதும் அவ்வறையை எடுத்துவிட்டு வேறோர் அறையை வைப்பர். பெரிய குழலின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடித்து நிரப்பும் நேரத்திற்குள் இது பலமுறை சுட்டுவிடும். ஆசியக் கடற்கரைகளில் இது விளைத்த வியப்பும் அச்சமும் மிகுதி.

எனவே கொண்டுவந்தவர் பெயரே பொருளுக்கும் ஆயிற்று. 1526இல் பானிபட்டில் பாபர் பயன்படுத்திய வெடிக்கருவிகளுள் ஒருவகையை அவர் தம் நினைவுக்குறிப்பில் ‘ஃபிரிங்கி’ என்றே எழுதுகிறார். அதே பதினாறாம் நூற்றாண்டில் சீனத்து மிங் அரசினர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய சிறு பீரங்கியை ‘ஃபோலாங்சி’ என்றனர். கொரியரும் ஜப்பானியரும் அச்சொல்லைத் தத்தம் ஒலிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். தமிழன் ‘பீரங்கி’ என்றான். பாரசீகம் முதல் ஜப்பான் வரை ஒரு கண்டமே ஒரு சொல்லைப் பங்கிட்டுக்கொண்ட செய்தி இது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. தமிழன் இந்த ஒரு மூலத்திலிருந்து இரண்டு சொற்களைச் செய்துகொண்டான். ஆளுக்குப் ‘பறங்கி’, கருவிக்குப் ‘பீரங்கி’. முன்னதிலிருந்து பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் என்று ஒரு குடும்பமே தழைத்தது. அயலான் தந்ததை அப்படியே வாங்கிக்கொண்டவன் இவ்வாறு பொருள் பிரித்து வழங்கமாட்டான். வாங்கியதைத் தன் உலையிலிட்டு உருக்கி, வேண்டிய வடிவில் வார்த்துக்கொண்டவனே இதைச் செய்ய முடியும்.

செருமானியர் வீட்டில் என்ன நடந்தது?

‘பிற மொழியினர் தம் சொற்களைத் தூய்மையாகக் காத்துக்கொள்ளவில்லையா?’ என்று கேட்பர். காண்போம். பீரங்கி என்னும் சொல்லின் மூலம் ஒரு செருமானிய இனத்தின் பெயர் அல்லவா? அந்தச் செருமானியர் தம் பீரங்கியை எந்தச் சொல்லால் அழைத்தனர்?

15ஆம் நூற்றாண்டில் அவர்களிடம் ஒரு சிறு பீரங்கி இருந்தது. பெயர் ‘தராஸ்பூக்சே’. இன்று செருமானியரிலேயே வரலாறு கற்றோர் சிலரே அறிந்த சொல். இதன் பின்பாதியான ‘பூக்சே’ என்பதற்குப் பெட்டி என்று பொருள். அதுவும் இலத்தீனின் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது; கிரேக்கத்தில் ஒருவகை மரத்தால் செய்த சிமிழுக்கு வழங்கிய பெயர். முன்பாதி செக்கு மொழித் தொடர்புடையது. 1419 முதல் 1434 வரை பொகீமியாவில் நடந்த ஹுசைட்டுப் போர்களில், உழவரும் கைவினைஞரும் வண்டிகளை அரணாக நிறுத்தி, அவற்றிடையே ‘தராஸ்நித்சே’ என்னும் சிறு பீரங்கிகளை வைத்துக் குதிரை வீரரை வீழ்த்தினர். அடிபட்ட செருமானியர் கருவியோடு பெயரையும் எடுத்துக்கொண்டனர்.

இன்னும் கேளுங்கள். அப்போர்களில் கூட்டத்தை நோக்கிச் சுடும் குட்டைப் பீரங்கியைச் செக்கர் ‘ஹௌஃப்நித்சே’ என்றனர். ‘ஹௌஃப்’ என்றால் கூட்டம். அந்தச் சொல்லே முன்னர் செருமானியத்திலிருந்து செக்குக்குப் போனதுதான். அது பீரங்கியின் பெயராகித் திரும்பி வந்து செருமானியத்தில் ‘ஹௌபிட்சே’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஹோவிட்சர்’ ஆயிற்று. புகுந்த வீட்டிலிருந்து பேரப்பிள்ளையோடு தாய்வீடு திரும்பிய மகளைப் போல, சொன்ன வடிவமே மாறி வந்து நின்றது. செருமானியர் கதவைச் சாத்தவில்லை. இன்று அவர்கள் பொதுவாக வழங்கும் ‘கனோனே’ என்பதும் நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினடியாக இத்தாலியில் பிறந்து வந்ததே. ‘பிஸ்டல்’ என்னும் கைத்துப்பாக்கிக்கு ஊதுகுழலைக் குறிக்கும் செக்குச் சொல்லே மூலம் என்பர். ஆங்கிலேயரின் ‘கன்’ என்பதோ, வின்சர் கோட்டையில் 14ஆம் நூற்றாண்டில் இருந்த ஒரு பெரிய விற்பொறிக்கு இட்ட கன்னில்டா என்னும் பெண்பெயரின் சுருக்கமாகக் கருதப்படுகிறது.

ஆக, உலகில் வெடிக்கருவிக்குத் தூய தன்சொல் தேடிப் புறப்பட்டால் எந்த வீட்டிலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கருவி கைமாறும்போது சொல்லும் கைமாறும். போர்த்துக்கீசிய மன்னர் தம் கப்பல்களுக்குச் செருமானியரையும் பிளெமியரையும் வெடிவினைஞராகக் கூலிக்கு அமர்த்தினர் என்பது வரலாறு. பின்புறம் அறை வைத்துச் சுடும் சிறு பீரங்கி செருமானிய நாடுகளில் முன்னரே வழங்கிய ஒன்று. ‘அறைப்பூக்சே’ என்னும் பொருளுடைய பெயரும் அங்கே அதற்கு உண்டு. ரைன் கரை வினைஞன் சுட்ட கருவியை, ரைன் கரை இனத்தின் பெயராலேயே தமிழ் மீனவன் அழைத்தான். அவன் அறியாமலே அவன் வாய் வரலாற்றைச் சரியாகச் சொல்லிவிட்டது.

தஞ்சையின் கொல்லுலை

‘சொல்லும் அயல், கருவியும் அயல், நமக்கு அதில் என்ன உரிமை?’ என்று கேட்பாரும் உளர். அவர்களைத் தஞ்சாவூர்க் கீழவாசலுக்கு அழைக்கிறேன். அங்கே பழங்கோட்டை மேட்டின்மேல் இராசகோபால பீரங்கி கிடக்கிறது. ஏறக்குறைய 7.5 மீட்டர் நீளம். 22 டன் எடை என்பது கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். அது வார்ப்பு அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, அடித்துப் பற்றவைத்துச் செய்தது. வளையம் குளிரும்போது சுருங்கிப் பட்டைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடும் நம் ஊர்க் கொல்லர் இந்நுட்பத்தை நன்கறிவர். அந்த அளவில் அத்தனை இரும்பைச் சீராகச் சூடேற்றி, உருட்டி, அடித்து ஒன்றாக்குவதற்கு எத்தனை துருத்திகளும் எத்தனை தோள்களும் வேண்டியிருந்திருக்கும்!

அவ்விடத்தின் பெயர் என்ன? பீரங்கி மேடு. தஞ்சை மக்கள் இட்ட பெயர். கப்பல் விளிம்பில் தொட்டில்போல் ஆடிய சிறு கருவியின் பெயரைக் காவிரிக்கரைக் கொல்லன் தன் மாபெருங் கருவிக்குச் சூட்டிவிட்டான். பெயர் வெளியிலிருந்து வந்தது. உழைப்பு உள்ளிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்த பெயரும் உள்ளூர் உழைப்பும் சேர்ந்தால் அது உள்ளூர்ச் சொல்லே. இன்று ‘வெடிகுழல் மேடு’ என்று தஞ்சையில் வழிகேட்டால் யார் காட்டுவார்? தஞ்சைக் குழந்தை அறிந்த சொல்லை அந்தமான் குழந்தை எழுதினால் பிழையாகிவிடுமா?

தஞ்சைக்கும் நம் தீவுகளுக்கும் இந்த வழியில் நெருங்கிய உறவும் உண்டு. இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். அதே தரங்கம்பாடியிலிருந்துதான் 1756இல் அவர்கள் நிக்கோபாருக்கு உரிமை கொண்டாடினர். செருமன் பேசும் மொராவிய சமயப் பணியாளர் 1768இல் தரங்கம்பாடியிலிருந்து நான்கௌரிக்கு வந்து, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து 1787இல் திரும்பினர். இடையே 1778இல் ஆசுத்திரியக் கப்பல் ஒன்று வந்து அத்தீவுகளில் கொடி நாட்டியது. அந்நாட்டுப் பேரரசி மரியா தெரசாவின் பெயரே தெரசா தீவின் பெயராக இன்றும் நிற்கிறது என்பர். 1868இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றனர். கொடிகள் வந்தன, போயின. பெயர்கள் நின்றன.

இரண்டாவது பிழை

சொல்லை நாடு கடத்துவோரிடம் இன்னொரு நோக்கமும் மறைந்திருக்கிறது. அதனை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ‘பீரங்கி’ என்னும் சொல் இருக்கும்வரை அக்கருவி கடல்வழி வந்தது என்னும் உண்மையும் இருக்கும். சொல்லை மாற்றிவிட்டால் ‘வெடிகுழல் எம் முன்னோரிடமே இருந்தது’ என்று மேடையில் முழங்கலாம். இம்முழக்கத்தை நாம் கேளாமலா இருக்கிறோம்? மதுரை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிச் சொல்கிறதே, அவை பீரங்கி அல்லாமல் வேறென்ன என்பர். நூற்றுவரைக் கொல்லி என்னும் பெயரைக் காட்டுவர். சோழர் கப்பலிலும் பீரங்கி இருந்தது என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவர்.

சிலம்பு கூறும் பொறிகள் எவை? தானே வளைந்து அம்பெய்யும் விற்பொறி, கல்லை உமிழும் கவண், காய்ச்சிய எண்ணெய் வைத்த மிடா, உருக்கிய உலோகம் ஊற்றும் உலை, குரங்கும் பறவையும் பன்றியும் போன்ற உருவங்கள். அவை மரத்தின் வளைவாலும் கயிற்றின் முறுக்காலும் எடையின் வீழ்ச்சியாலும் நெருப்பின் வெம்மையாலும் இயங்கின. வெடிமருந்தால் இயங்கவில்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த மருந்தின் செய்முறை முதன்முதல் எழுத்தில் காணப்படுவது 1044இல் முடிந்த ஒரு சீனப் போர்நூலில். இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் நோக்கிச் சென்றது 1025ஐ ஒட்டி. பீரங்கியோ அதற்கும் பல தலைமுறைகளுக்குப் பின் வந்தது. உண்மை இவ்வாறிருக்க, சோழன் கப்பலில் பீரங்கியை ஏற்றுவது சோழனைப் பெருமைப்படுத்துவதாகுமா?

ஆகாது என்பேன். பீரங்கியின்றி, காற்றையும் விண்மீனையும் நம்பி, வங்கக் கடலைக் கடந்து சென்ற மாலுமியின் துணிவு பெரிதா? பீரங்கி இருந்ததாகப் புனைந்துரைக்கும் நம் ஆசை பெரிதா? அவ்வேந்தனின் தஞ்சைக் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று நம் தீவுக்கூட்டத்தின் பெயரைக் குறிக்கிறது. அஃது ஒன்று போதாதா? கல்லில் வெட்டிய மெய் இருக்கக் காற்றில் கட்டிய பொய் எதற்கு? இன்று நாம் சொல்லும் பொய்யை நாளை நம் பிள்ளை நூலகத்தில் கண்டுபிடிப்பாள். அன்று அவள் பொய்யை மட்டும் தள்ளமாட்டாள்; நாம் சொன்ன மெய்யையும் சேர்த்தே தள்ளிவிடுவாள்.

இலக்கணத்தின் தீர்ப்பு

தமிழ் இலக்கணம் இவ்வழக்கில் என்ன சொல்கிறது? தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்தார். வெளியிலிருந்து வருவனவற்றுக்கும் தம் வீட்டில் இடம் வகுத்தே வைத்தார். வடசொல்லை ஏற்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்துமாறு ஏற்க வேண்டும் என்று நெறியும் கூறினார். நன்னூலார் தமிழ் வழங்காத நிலங்களிலிருந்து வரும் சொல்லையும் திசைச்சொல்லுள் அடக்கினார். வாயிலை அடைத்தவர்கள் அல்லர் அவர்கள். வாயிலில் காவல் வைத்தவர்கள். உள்ளே வருவோன் நம் உடை உடுத்தி வரவேண்டும் என்பதே அக்காவலின் விதி.

‘பீரங்கி’ அந்த உடையை உடுத்தாமலா வந்தது? தமிழில் இல்லாத ஒலியை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் பகரத்தைப் பூண்டது. முதலெழுத்தை நீட்டிக்கொண்டது. வேற்றுமை உருபும் சாரியையும் தயங்காமல் ஏற்றது. பீரங்கியை, பீரங்கியால், பீரங்கிக்கு, பீரங்கிப்படை என்று புணர்ச்சியில் ஒரு சிக்கலும் இல்லை. இலக்கண நூலார் கேட்ட அனைத்தையும் செய்த ஒரு சொல்லைப் பார்த்து ‘நீ அயலான்’ என்றால், நம் இலக்கணத்தை யார் மீறுகிறார்? சொல்லா, நாமா?

துப்பாக்கியும் அவ்வாறே. துருக்கியரின் ‘துஃபெக்’ தமிழகத்தில் துப்பாக்கி ஆயிற்று. ஈழத்தில் துவக்கு ஆயிற்று. ஒரே மூலத்தை இருகரைத் தமிழரும் இருவேறு வகையில் இழைத்துக்கொண்டனர். இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த நம் உறவினரில் ஒருவர் துவக்கு என்றால் அது நமக்குத் தமிழாகவே படவேண்டும்; நாம் துப்பாக்கி என்றால் அது அவருக்குத் தமிழாகவே படவேண்டும். இரண்டையும் நீக்கி மூன்றாவதொன்றை அகராதியிலிருந்து கொண்டுவந்து இருவரையும் பிழைசெய்தவர் ஆக்குவதில் யாருக்கு நன்மை?

தூய்மை வேண்டாமா?

இதனால் தனித்தமிழ் இயக்கத்தையே நான் பழிப்பதாக யாரும் கருதற்க. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய அம்முயற்சி இல்லையேல், நம் சங்கத்தின் தலைவர் இன்றும் ‘அக்கிராசனாதிபதி’யாகவும் செயலாளர் ‘காரியதரிசி’யாகவும் இருந்திருப்பர். அவ்வியக்கம் நமக்கு நம் சொந்த வீட்டின் திறவுகோலைத் திரும்பப் பெற்றுத் தந்தது. அந்நன்றியை மறவோம்.

ஆயின் அயற்சொல் இரண்டு வகைப்படும் என்பதை நாம் தெளிய வேண்டும். ஒருவகை, நம் வீட்டில் இருந்தவனை வெளியே தள்ளிவிட்டு அவன் இருக்கையில் அமர்வது. ‘தலைவர்’ இருக்க ‘அக்கிராசனர்’ வந்தது அவ்வாறு. ‘சாளரம்’ இருக்கப் போர்த்துக்கீசியச் ‘ஜன்னல்’ வந்ததும், ‘திறவுகோல்’ இருக்கச் ‘சாவி’ வந்ததும் ஒருவாறு அவ்வகையே. அங்கே சிவப்பு மை ஏந்தும் பெரியவரின் பக்கமே நானும் நிற்பேன். பழைய சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். மற்றொரு வகை, புதுப்பொருள் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வருவது. அது எவரையும் தள்ளவில்லை. இல்லாத இடத்தை நிரப்பிற்று. பீரங்கி அவ்வகை. அது வந்தபோது தமிழில் வேலையிழந்த சொல் எது? ஒன்றும் இல்லை. முன்னதை எதிர்ப்பது தற்காப்பு. பின்னதை எதிர்ப்பது விருந்தினரை விரட்டுவது.

மேலும் ஒன்று. கொடுக்கல் வாங்கலில் நாம் வாங்கியவர் மட்டும் அல்லர். நம் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் ‘கட்டமரான்’ ஆகி உலகக் கடலெல்லாம் ஓடுகிறது. நம் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கின்றன. நிக்கோபார் என்னும் பெயரே நக்கவாரத்தின் திரிபாகக் கருதப்படுகிறது. இவற்றையெல்லாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். நாம் கொடுத்தது பெருமை, வாங்கியது இழிவு என்றால் அஃது எந்த ஊர் நியாயம்? கொடுத்து வாங்கிய கையே வாணிகம் செய்த கை, கடலோடிய கை.

நம் தீவும் நம் வீடும்

இத்தீவுக்கு நாம் எவ்வாறு வந்தோம்? பாட்டனோ தந்தையோ சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடல் கடந்து, துணி மூட்டையோடு இறங்கினர். நம்மைப்போலவே வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சி மக்களும் வந்தனர். 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தம் சிற்றூர்ப் பெயர்களைக் கூடவே கொண்டுவந்து இங்கே நட்டனர். ஆதலின் தென் அந்தமானில் காலிகட்டும் மஞ்சேரியும் திரூரும் வண்டூரும் இருக்கின்றன. அபர்தீன் கடைத்தெரு ஸ்காட்லாந்து நகரொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே காய்கறி வாங்கும் நம் தாய்மார் எவரும் ‘இப்பெயர் அயற்பெயர்’ என்று வெறுங்கூடையோடு திரும்புவதில்லை.

புறப்பட்ட ஊரின் அடையாளத்தைத் தாங்கிக்கொண்டு, வந்த ஊரில் வேரூன்றி, உழைத்து, உரியவராதல் என்பதுதான் நம் வரலாறு. ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்டு நம்மை வெளியே நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து, தஞ்சை மேட்டில் குடியேறி, நம் பாட்டிமார் நாவில் பழகிய ஒரு சொல்லை அதே கேள்வி கேட்டு வெளியே நிறுத்துகிறோம். குடியேறியவர்கள் நாம், குடியேறிய சொல்லின் நிலையை நம்மைவிட யார் அறிவார்?

அரண் எங்கே வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நம் பிள்ளைகளின் தமிழுக்கு ஊறு விளைப்பது பீரங்கி அன்று. தண்ணீர் ‘பானி’ ஆவது ஊறு. அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் மாமியும் ‘ஆன்ட்டி’ என்னும் ஒரே சொல்லில் கரைந்துபோவது ஊறு. அதனோடு உறவின் வேறுபாடே கரைந்துவிடுகிறது. தமிழில் தொடங்கிய வாக்கியத்தை இந்தி வினைச்சொல்லால் முடிப்பது ஊறு. பெயர்ச்சொல் ஒன்று வந்து சேர்ந்தால் மொழி வளரும். வினைச்சொல் போனால் மொழியின் முதுகெலும்பே முறியும். காவலை அங்கே நிறுத்துங்கள். அங்கே நிறுத்த வேண்டிய காவலரை இங்கே கொண்டுவந்து ஒரு சிறுமியின் கட்டுரைத்தாளில் நிறுத்தியதுதான் நாம் செய்த பிழை.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு செருமானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்தது. அதன் பீரங்கிகள் ஓய்ந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் குறும்பும் சூழ்ச்சியும் மிக்க பேரனைப் பார்த்து நம் பாட்டிமார் “இவன் சரியான எம்டன்” என்று சொல்லக் கேட்கிறோம். எந்தப் புலவரும் கூடி அச்சொல்லை ஆக்கவில்லை. எந்தச் சங்கமும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. பகைக்கப்பல் ஒன்றை அடுப்பங்கரைச் சொல்லாக்கிச் சிரிக்கும் ஆற்றல் பாட்டியின் தமிழுக்கு உண்டு. அந்த ஆற்றலை நம்புவோம்.

அடுத்த போட்டி வரும். தாள் திருத்தும் பொறுப்பு நம்மில் யாருக்கேனும் வரும். பீரங்கி என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அடிக்காதீர்கள். வேண்டுமானால் ஓரத்தில் ‘இச்சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை தேடுவாள். ரைன் ஆற்றையும் கள்ளிக்கோட்டையையும் தஞ்சைக் கீழவாசலையும் நான்கௌரித் துறையையும் ஒரே சொல்லுக்குள் காண்பாள். தன் தமிழ் எவ்வளவு பெரிய கடலைப் பார்த்தது என்பதை அறிவாள். மறு ஆண்டும் தமிழிலேயே எழுதுவாள்.